கை தேடும் இடத்தில் இல்லாத பொத்தான்

ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் எந்த அலுவலகத்திலும் மாதத்தின் 18, 19, 20 ஆகிய மூன்று நாட்களும் மற்ற நாட்களைப் போல விடிவதில்லை. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக்கணக்குப் படிவத்தை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்; தவறினால் தாமதக் கட்டணமும் வட்டியும் வாடிக்கையாளர் தலையில் விழும், அதற்கான பழி எங்கள் தலையில் விழும். அப்படிப்பட்ட ஒரு 18ஆம் தேதி காலையில், திருநெல்வேலியில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் கணினியைத் திறந்து மின்னஞ்சலுக்குள் நுழைந்தபோது, முந்தைய நாள் மாலை நான் மூடிவைத்துவிட்டுப் போன திரை அங்கே இல்லை. ‘புதிய தோற்றத்துக்கு வரவேற்கிறோம்’ என்று நடுவில் ஒரு பெட்டி நின்றது. அதில் ‘அடுத்து’ என்றொரு பொத்தான் இருந்தது. ‘அறிமுகத்தைத் தவிர்’ என்றொரு பொத்தான் இருந்தது. ‘பழையதே இருக்கட்டும்’ என்று சொல்வதற்கு எந்தப் பொத்தானும் இல்லை.

அந்த மின்னஞ்சல் சேவையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவருவது ஏதோ ஒரு நிறுவனத்தைப் பற்றியதல்ல. மின்னஞ்சல் மென்பொருள் செய்யும் எல்லாரிடமும் இன்று ஊறிப்போயிருக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றியது.

என்ன மாறியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதும் பொத்தான் இடப்பக்கத்திலிருந்து வேறொரு மூலைக்குப் போயிருந்தது. வரிகளுக்கு இடையில் வெற்றிடம் கூடி, என் திரையில் ஒரே பார்வையில் 24 கடிதங்கள் தெரிந்த இடத்தில் இப்போது 15 தெரிந்தன. இணைப்பு உள்ள கடிதங்களுக்கு நேரே நிற்கும், பேப்பர் கிளிப் படமான பின் குறி மறைந்திருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், இதுவரை தனித்தனியாக வரிசையில் நின்ற கடிதங்கள் ‘உரையாடல்’ என்ற பெயரில் கட்டுக் கட்டாகச் சேர்க்கப்பட்டிருந்ததுதான்.

இந்தக் கட்டு என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள, எங்கள் வாடிக்கையாளர்கள் கடிதம் அனுப்பும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர்களில் பலர் புதுக் கடிதம் எழுதுவதில்லை. போன மாதம் எங்களுக்கு அனுப்பிய கடிதத்தைத் தேடி எடுத்து, அதிலேயே ரிப்ளை அழுத்தி, இந்த மாதக் கொள்முதல் பட்டியலை இணைத்து அனுப்பிவிடுவார்கள். முகவரியைத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை அல்லவா? ஆனால் ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் நம் கண்ணுக்குத் தெரியாத தனி அடையாளம் ஒன்று உண்டு. ரிப்ளை அழுத்தும்போது பழைய கடிதத்தின் அடையாளம் புதிய கடிதத்தின் தலைப்பகுதியிலும் ஏறிக்கொள்கிறது. அதை வைத்துத்தான் மென்பொருள் இரண்டையும் ஒரே பேச்சின் தொடர்ச்சி என்று முடிவு செய்கிறது. ஆகவே, பாளையங்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் ஓராண்டாக மாதாமாதம் அனுப்பிய பட்டியல்கள் முழுவதும் அன்று காலை ஒரே வரிக்குள் மடிந்து கிடந்தன. அந்த வரியைத் திறந்தால் எல்லா இணைப்புகளும் மேலே ஒரே வரிசையில் நின்றன. எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயர்: ‘பர்ச்சேஸ்’.

நான் எடுத்தது போன மாதத்துக் கோப்பு.

அதை வைத்துக்கொண்டு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரிக்காகக் கழித்துக்கொள்ளும் தொகை) முழுவதையும் கணக்கிட்டு முடித்துவிட்டேன். 19ஆம் தேதி மாலை ஆறரை மணிக்கு, எங்கள் அலுவலகத்தின் மூத்த கணக்கர், நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்பவர், விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் கொண்டு ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு என் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “ஒரு பில்லுகூட ஒத்துப்போகலையேம்மா” என்றார். ஒன்றிரண்டு பில் விடுபட்டால் அது வழக்கமான விஷயம். ஒன்றுமே ஒத்துப்போகவில்லை என்றால் மாதமே தவறு. இரவு பத்தரை மணி வரை உட்கார்ந்து மறுபடியும் செய்தோம். அவர் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் தவறான வரவு தாக்கலாகியிருக்கும்.

தவறு என்னுடையதுதான், கோப்பைத் திறந்ததும் தேதியைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மூன்று ஆண்டுகளாக அந்தத் தேதியைப் பார்க்கும் தேவை எனக்கு ஏற்படவில்லை, ஏனென்றால் பட்டியலின் மேல்முனையில் நிற்பதே புதியது என்று அந்தத் திரை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. தானே கற்றுக்கொடுத்த பாடத்தை ஒரே இரவில் அது மாற்றிக்கொண்டது; மாற்றிக்கொண்டதை என் கைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

அதே வாரத்தில் அண்ணாச்சிக்கு நேர்ந்தது இன்னும் மோசம். முன்பு கடிதத்துக்கு மேலே சொற்களாக இருந்தவை இப்போது வெறும் படங்களாகியிருந்தன. அவற்றில் ஒன்று, ஒரு பெட்டி, அதன் நடுவில் கீழ்நோக்கிய அம்புக்குறி. இணைப்பைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் குறி என்றே யாருக்கும் தோன்றும். அண்ணாச்சிக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் அது ஆர்க்கைவ். அழுத்தினால் கடிதம் அழிவதில்லை, ஆனால் இன்பாக்ஸிலிருந்து போய்விடும். அவர் அழுத்த அழுத்தக் கடிதங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. “ஏம்மா, இப்பத்தான இங்க இருந்துச்சு, எங்க போச்சு?” என்று கேட்டபோது அவர் குரலில் இருந்தது எரிச்சல் அல்ல, நாற்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிய ஒருவருக்கு, ஒரு தாளைத் தொலைத்துவிட்டோமோ என்று வரும் பயம். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுக்கும் உரிமை ஒரு வடிவமைப்பாளருக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லைப் படிக்கலாம், படத்தை ஊகிக்கத்தான் முடியும். ‘அழி’, ‘நகர்த்து’, ‘அனுப்பு’ என்று எழுதியிருந்தால் ஐந்தாம் வகுப்பு படித்தவருக்கும் புரியும். 2011ஆம் ஆண்டு ஜிமெயில் தன் பொத்தான்களில் இருந்த எழுத்துகளை எடுத்துவிட்டுப் படங்களை வைத்தது; சொற்கள் வேண்டுவோர் செட்டிங்ஸுக்குள் போய்ப் பொத்தான்களில் எழுத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள ஒரு வழியும் விட்டது. நல்ல வழிதான். ஆனால் அந்தத் தேர்வு அங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. எங்கள் தெருவில் மின்னஞ்சல் வைத்திருக்கும் பத்துப் பேரிடம் செட்டிங்ஸைத் திறந்து காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவார்கள்?

மின்னஞ்சலின் அடிப்படை எவ்வளவு நிலையானது என்பதை நினைத்தால் இந்த மேற்பரப்பின் அலைச்சல் இன்னும் விசித்திரமாகத் தெரிகிறது. ரே டாம்லின்சன் 1971இல் பெயருக்கும் கணினிக்கும் நடுவே @ குறியை வைத்தார்; இன்றும் அங்கேயே இருக்கிறது. கடிதங்களைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982இல் ஜான் போஸ்டல் எழுதினார். திருத்தங்களோடு இன்றும் அதுவே கடிதங்களைச் சுமக்கிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி என்ற தலைப்பகுதி வரிகளும் அந்தக் காலத்தவையே. 1982இல் எழுதிய கடிதத்தின் மூலவடிவத்தை இன்றைய மென்பொருளில் திறந்தால் படிக்க முடியும். கடிதம் நாற்பது ஆண்டுகள் நிலைக்கிறது, அதைப் படிக்கும் சன்னல் நான்கு ஆண்டுகள் நிலைப்பதில்லை. ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டறிக்கை தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது. அந்த 72 மாதங்களுக்குள் பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுக்கும் வழி எத்தனை முறை மாறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே சலிப்பாக இருக்கிறது.

முன்பு இப்படி இல்லாததற்கு நிறுவனங்களின் நல்ல மனம் காரணம் அல்ல. மென்பொருள் நம் கணினியில் இருந்தது, அதுதான் காரணம். ஸ்டீவ் டார்னர் 1988இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய யூடோரா என்ற மின்னஞ்சல் மென்பொருள், பிறகு குவால்காம் நிறுவனத்தின் கைக்குப் போய், 2006இல் கடைசிப் பதிப்போடு நின்றது. நின்ற பிறகும் பலர் அதைப் பல ஆண்டுகள் விடாமல் பயன்படுத்தினார்கள். அவர்கள் கணினியில் அது இருந்தது. யாரும் இரவில் வந்து மாற்ற முடியாது. இணையத்தில் இயங்கும் மின்னஞ்சலில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. திரை அவர்கள் சர்வரிலிருந்து வருகிறது. காலையில் எது வருகிறதோ அதுதான் நமக்கு.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி இடம் கொடுத்தது; ஹாட்மெயில் அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது 2 எம்பி. கடிதங்களை உரையாடலாகக் கட்டும் முறையும் அதனோடு வந்ததுதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் தெரிந்தே சேர்ந்தார்கள், ஆகவே அதில் எனக்குக் குறையில்லை. நீண்ட விவாதங்களுக்கு அந்த முறை நன்றாகவே உதவும். என் தம்பி அது இல்லாமல் வேலை செய்ய மாட்டான். ஆனால் கடிதங்களைத் தனித்தனியாகப் பார்க்க விரும்பியவர்களுக்கு அதை நிறுத்திவைக்கும் வசதி 2010 செப்டம்பரில்தான் கிடைத்தது. ஆறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தேர்வுப் பொத்தானுக்கு ஆறு ஆண்டு!

பிறகு மாற்றங்கள் விரைவாக வந்தன. 2013இல் கடிதம் எழுதும் இடம் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு சிறு பெட்டியாகச் சுருங்கியது. அதே ஆண்டு இன்பாக்ஸ் பல தாவல்களாகப் பிரிந்து, வணிகச் சலுகைக் கடிதங்களுக்கென்று ஒரு தாவல் உருவானது. கடிதத்தைப் போலவே தோற்றமளிக்கும் விளம்பரங்கள் அந்தத் தாவலில் வந்து நின்றன. அதே 2013இல் யாகூ தன் மின்னஞ்சலைப் புதுப்பித்தபோது, பல கடிதங்களைத் தனித்தனித் தாவல்களில் திறந்துவைக்கும் வசதியை எடுத்துவிட்டது. அதை நம்பி வேலை செய்தவர்கள் கொதித்துப்போனார்கள். விண்டோஸோடு வந்த எளிய மெயில் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டு, எல்லாரையும் புதிய அவுட்லுக்குக்கு அழைத்தது. இணையப் பதிப்பின் அடித்தளத்தில் கட்டப்பட்ட அந்தப் புதிய அவுட்லுக்கில் தொடக்கத்தில், அவுட்லுக் கடிதங்களைக் கணினியிலேயே சேமித்துவைக்கும் பிஎஸ்டி கோப்புகளைத் திறக்கவே முடியவில்லை. பழைய ஆண்டுகளின் கடிதங்களை பிஎஸ்டி கோப்புகளில் கட்டிப் பரணில் ஏற்றுவதுபோல வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள் எத்தனையோ உண்டு. அவற்றைப் பற்றி யாராவது யோசித்திருந்தால், முதலில் பிஎஸ்டியைத் திறக்க வழி செய்துவிட்டுப் பிறகு கூப்பிட்டிருப்பார்கள்.

என்னை மிகவும் வருத்தியது இவை எதுவும் அல்ல. ஜிமெயிலுக்கு மிக எளிய ஒரு எச்டிஎம்எல் வடிவம் இருந்தது. அலங்காரம் கிடையாது, நீல எழுத்துகளும் வரிகளும் மட்டும். இணைய வேகம் குறைந்த ஊர்களிலும் பழைய கணினிகளிலும் அது சட்டென்று திறக்கும். திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளின் உதவியோடு வேலை செய்யும் பார்வையற்றவர்கள் சிலருக்கு அதன் எளிமையே வழித்துணையாக இருந்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் ஒரு மூலையில் இருந்த வாசல் அது. பார்க்க முடியாதவருக்கு ஒரு திரையின் அமைப்பை மனப்பாடம் செய்வது பார்ப்பவரைவிடப் பல மடங்கு உழைப்பு. எத்தனையாவது தாவல் விசையில் எது வரும் என்று எண்ணி எண்ணி அவர் அதைக் கற்றிருப்பார். அந்த உழைப்பு முழுவதும் ஒரு தேதியோடு செல்லாததாகிவிட்டது.

உழைப்பு என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். ஒரு மென்பொருளை நாம் பயன்படுத்தத் தொடங்கும்போது அது பாதிதான் உருவாகியிருக்கிறது. மீதிப் பாதி நம் கையில், கண்ணில், பழக்கத்தில் உருவாகிறது. படித்து முடித்தும் வேலை முடியாத கடிதத்தை ‘படிக்காதது’ என்று நான் திரும்பக் குறித்துவைப்பேன். தடித்த எழுத்தில் நிற்பவை எல்லாம் எனக்கு மீதி வேலை. இதை எந்த நிறுவனமும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே அமைத்துக்கொண்டது. புதிய தோற்றத்தில் பக்கவாட்டு முன்னோட்டம் தானாகத் திறந்து, கீழிறங்கும் அம்பு விசையை அழுத்திக்கொண்டே போனால் வழியில் உள்ள கடிதங்கள் எல்லாவற்றையும் ‘படித்தது’ என்று மாற்றிவிட்டது. ஐந்து நிமிடத்தில் என் இரண்டு வார வேலைப் பட்டியல் அழிந்தது. நிறுவனத்தின் கணக்கில் எந்தத் தரவும் தொலையவில்லை, எல்லாக் கடிதமும் பத்திரமாக இருக்கிறது. என் கணக்கில் தொலைந்ததற்கு அவர்களிடம் பதிவேடே இல்லை.

ஏன் மாற்றுகிறார்கள் என்று பொறுமையாக யோசித்துப் பார்த்தேன். கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரே அமைப்பு இருந்தால் பராமரிப்புச் செலவு குறையும். அதனால்தான் விரலால் தொடுவதற்கு ஏற்ற அகன்ற வரிகள், சுட்டியால் வேலை செய்யும் பெரிய திரைக்கும் வந்து சேர்கின்றன. அரட்டை, காணொளி அழைப்பு, அண்மையில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் என்று நிறுவனம் விற்க விரும்பும் புதிய பொருள்களுக்கு இடம் வேண்டும். நாள் முழுவதும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் மின்னஞ்சல் திரையைவிட நல்ல கடைத்தெரு எங்கே கிடைக்கும்? பாதுகாப்புக் காரணங்களும் உண்டு, அவற்றை நான் மறுக்கவில்லை. போலிக் கடிதங்களைச் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும் வசதி எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் வங்கிக் கணக்கையே காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்தச் சிவப்புப் பட்டையைக் கொண்டுவர பின் குறியை ஒளித்துவைக்க வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை.

எதையும் இடம் மாற்றாமல் நல்லதைச் சேர்க்க முடியும் என்பதற்கு ஜிமெயிலிலேயே உதாரணம் இருக்கிறது. அனுப்பிய கடிதத்தைச் சில விநாடிகளுக்குள் திரும்பப் பெறும் வசதி 2009இல் சோதனை முயற்சியாக வந்தது. விரும்பியவர்கள் மட்டும் அதை இயக்கிக்கொண்டார்கள். ஆறு ஆண்டு சோதனைக்குப் பிறகு, 2015இல் முறையான வசதியாக்கினார்கள். கடிதத்தை அனுப்பியதும் கீழே ஒரு சிறிய வரி தோன்றும். வேண்டாம் என்றால் தானே மறைந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் அதை வாழ்த்தாத ஆள் இல்லை.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலியை அண்ணாச்சி அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வார். கான்ட்ராவுக்கு எஃப்4, பேமெண்டுக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. 2020இல் டேலி பிரைம் வந்து முகப்பு முழுவதும் மாறியபோதும் இந்த ஆறு விசைகளை அவர்கள் தொடவில்லை. வேறு சில விசைகள் மாறின. அண்ணாச்சி ஒரு வாரம் முணுமுணுத்தார், பிறகு பழகிக்கொண்டார். நாளொன்றுக்கு இருநூறு வவுச்சர் போடுகிறவரின் விரல் எங்கே போய் நிற்கும் என்பதைத் தெரிந்த யாரோ ஒருவர் அந்த முடிவை எடுத்த அறையில் இருந்திருக்கிறார்.

தமிழ்த் தட்டச்சிலும் இதே நிதானத்தைப் பார்த்திருக்கிறோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகை தரமாக ஏற்கப்பட்டது. அது சிறந்த அமைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இந்தக் கட்டுரையையும் அதில்தான் தட்டுகிறேன். ஆனால் தட்டச்சு நிலையத்தில் லோயர், ஹையர் என்று தேர்வெழுதிப் பழைய தட்டச்சுப்பொறியில் கை பழகியவர்களை யாரும் கைவிடவில்லை. இ-கலப்பை போன்ற மென்பொருள்களில் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் அருகருகே இருந்தன. அவரவர் கைக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டார்கள். பெரிய பண பலம் இல்லாத தன்னார்வலர்களால் இதைச் செய்ய முடிந்தது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களால் முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அந்த மாதத் தாக்கல் வேலை எல்லாம் முடிந்த பிறகு, அந்தச் சேவையின் கருத்துப் பெட்டியில் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே தேதியோடு அறிவியுங்கள், பழைய அமைப்பைக் குறைந்தது ஒரு நிதியாண்டுக்காவது விட்டுவையுங்கள், கடிதங்களைக் கட்டாகச் சேர்ப்பது போன்ற அடிப்படை நடத்தையைக் கேட்காமல் மாற்றாதீர்கள் என்று எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற தானியங்கிப் பதில் வந்தது. அந்தப் பதில் கடிதமும் முந்தைய ஏதோ ஒரு அறிவிப்போடு கட்டாகச் சேர்ந்துகொண்டிருந்தது. செட்டிங்ஸில் மூன்றாவது பக்கத்தில் கட்டைப் பிரிக்கும் தேர்வைக் கண்டுபிடித்து அலுவலகத்தின் ஏழு கணினிகளிலும் மாற்றிக் கொடுத்தேன். பின் குறி மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

அண்ணாச்சியிடம் நீளவாக்கில் ஒரு நோட்டு இருக்கிறது. மின்னஞ்சலில் எதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாக அதில் எழுதிவைத்திருக்கிறார்: ‘மேலே வலது ஓரம், பச்சைப் பொத்தான், அதற்குக் கீழே இரண்டாவது வரி.’ கணக்கு எழுதுகிறவர் மையால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதி ஒப்பமிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அந்த நோட்டில் மூன்று முறை அடித்தல் விழுந்த பக்கங்கள் இருக்கின்றன. பச்சை நீலமாகி, வலது இடதாகி, இரண்டாவது வரி மூன்று புள்ளிகளுக்குள் போய் ஒளிந்துகொண்ட வரலாறு முழுவதும் அவர் கையெழுத்தில் அங்கே உண்டு. போன சனிக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்து புதிய தோற்றத்துக்கான படிகளை மறுபடியும் எழுதினோம். நான் ஒவ்வொன்றாகத் திரையில் காட்ட, அவர் ஒருமுறை செய்துபார்த்துவிட்டு எழுதினார். புதுப் பக்கத்தைத் திருப்பித் தேதி போட்டதும், சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தவர், அதை மூடித் திரும்பச் செருகிவிட்டு, “அந்தப் பென்சிலக் கொடும்மா” என்றார்.